வைத்தது எங்கே?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க செய்த ஆப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க. ஆனால் எல்லாருக்கும் புரியணும்" என்பது சங்கச் செயலாளர் எனக்கு இட்ட கட்டளை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் கணிப்பொறியைக் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் வாங்கியவர்கள். பின்வரிசையில் நிற்கும் மாணவர்களுக்கோ நான் சொல்லப் போவதில் பாதி முன்பே தெரிந்திருக்கும். இந்த இரண்டு வரிசைக்கும் பொதுவான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒரு பொருளை வைத்திருப்பது வேறு. வேண்டும்போது அது கைக்குக் கிடைப்பது வேறு.

இன்று பல வீடுகளில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதில் கல்யாண வீடியோ இருக்கிறது. பழைய கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரி இருக்கிறது. ஸ்கேன் செய்த புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சரி, அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது? பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது! அதை எடுத்து, அதற்குரிய கேபிளைத் தேடி, டி.வி.யில் செருகி, சரியான ஃபோல்டரைக் கண்டுபிடிப்பதற்குள், பார்க்க ஆசைப்பட்ட விருந்தாளி காபியைக் குடித்துவிட்டு "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார். அந்த இன்னொரு நாள் வருவதே இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. அந்த டிஸ்க்கை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்து, வீட்டு ரூட்டரோடு சேர்த்துவிட வேண்டும். பழைய லேப்டாப் ஒன்றே இதற்குப் போதும். இப்படி வைத்த பெட்டிக்கு மீடியா சர்வர் என்று பெயர். நான் எழுதிய ஆப், கையிலுள்ள போனில் இருந்துகொண்டு, வீட்டுக்குள் எங்கெங்கே இப்படிப்பட்ட சர்வர்கள் இருக்கின்றன என்று தானே கண்டுபிடிக்கும். அவற்றின் அலமாரிகளைத் திறந்து காட்டும். நாம் தொட்டதைப் போனிலோ ஹால் டி.வி.யிலோ ஓடவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

"இதுக்கு எதுக்கு சார் இத்தனை பாடு? யூட்யூப்லயே எல்லாம் இருக்கே?" என்று ஒரு தம்பி கேட்கலாம். எல்லாம் இருக்கிறது தம்பி, உன் தாத்தா பாடிய பாட்டைத் தவிர. சினிமாப் பாட்டு தொலைந்தால் கடையில் கிடைக்கும். வீட்டுக் கேசட்டில் பதிவான குரலுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் சேவைகள் நல்லவைதான், நானும் கட்டுகிறேன். ஆனால் உரிமம் முடிந்தால் அங்கே நேற்றிருந்த படம் இன்று இருக்காது. நம் வீட்டுப் பெட்டியில் இருப்பதை யாரும் எடுத்துவிட முடியாது.

இனி, இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

வேறு வேறு கம்பெனிகள் செய்த பொருள்கள் வீட்டுக்குள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள ஒரு பொது மொழி வேண்டுமல்லவா? அதற்காக 1999-இல் யூ.பி.என்.பி. ஃபோரம் என்ற அமைப்பு தொடங்கியது. அந்த மொழியை வைத்துக்கொண்டு, டி.வி.யும் போனும் பாட்டுப் பெட்டியும் எப்படிப் பழக வேண்டும் என்று ஒழுங்கு செய்ய 2003-இல் இன்னொரு அமைப்பு தோன்றியது. டி.எல்.என்.ஏ. என்று டி.வி. அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம், அது இதுதான். யூ.பி.என்.பி. ஃபோரத்தின் பொறுப்புகள் 2016-இல் வேறொரு அமைப்புக்குப் போயின. டி.எல்.என்.ஏ. 2017-இல் கலைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் எழுதிய விதிகள் இன்றும் கோடிக்கணக்கான பெட்டிகளுக்குள் உயிரோடு இருக்கின்றன. சங்கம் கலைந்தாலும் எழுதி வைத்த விதி எல்லார் கைக்கும் கிடைக்கும்படி இருந்ததால்தான், இன்று நான் புதிதாக ஒரு ஆப் எழுத முடிகிறது. மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதிகளின்படி வீட்டுக்குள் மூன்று பேர். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான்கள் அடுக்கியிருக்கும் உக்கிராண அறைதான் மீடியா சர்வர். இலை போட்டு உட்கார்ந்திருக்கும் பந்திதான் டி.வி. அதற்கு ரெண்டரர் என்று பெயர். "அந்த இலைக்குச் சாம்பார் போகட்டும், இங்கே பாயசம் வரட்டும்" என்று பார்த்துச் சொல்கிறவர்தான் நம் ஆப். அதற்குக் கன்ட்ரோல் பாயின்ட் என்று பெயர். பந்தி விசாரிக்கிறவர் வாளியைத் தூக்குவதில்லை, கவனித்தீர்களா? அதே போல, டி.வி.யில் ஓடும் வீடியோ போன் வழியாகப் போவதில்லை. "இன்ன முகவரியில் இன்ன படம் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று போன் டி.வி.க்குச் சொல்லும். டி.வி. நேராக சர்வரிடம் போய் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் படம் ஓடும்போது போனில் வேறு வேலை பார்க்க முடிகிறது.

முதல் வேலை, யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. ஆப் ஒரு கூவல் விடுகிறது: "மீடியா சர்வர் யாராவது இருக்கீங்களா?" இந்தக் கூவல் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 என்ற வாசல் எண்ணுக்குப் போகிறது. இந்த முகவரி எந்தத் தனிப் பெட்டிக்கும் சொந்தமில்லை. ஊர்ப் பொது மந்தை மாதிரி, காது கொடுக்கிற எல்லாருக்கும் கேட்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னால் இரைச்சலாகிவிடும். எனவே "இத்தனை வினாடிக்குள் உங்கள் சௌகரியம் போல் பதில் சொல்லுங்கள்" என்று கேள்வியிலேயே ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு சர்வரும் அதற்குள் ஏதோ ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து, "நான் இருக்கிறேன், என்னைப் பற்றிய விவரம் இந்த முகவரியில்" என்று பதில் அனுப்பும்.

புத்தகத்தில் இவ்வளவுதான். வீட்டிலே வேறு கதை. இந்தக் கூவல் யூ.டி.பி. என்ற முறையில் போகிறது. அது பதிவுத் தபால் இல்லை, சாதாரணக் கார்டு. போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வை-ஃபையில் இப்படிப் பொதுவாகக் கூவும் செய்தி வழியில் தொலைந்தால் திருப்பி அனுப்ப ஆளில்லை. ஆகவே ஒரு தடவை கூவிவிட்டு "சர்வர் இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. சிறிது இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை கூவ வேண்டும்.

போன்களும் தங்கள் பங்குக்குத் தொல்லை தரும். ஆண்ட்ராய்டு போன், பாட்டரியை மிச்சம் பிடிக்க, பொதுவில் வரும் அறிவிப்புகளை வழக்கமாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆப் அதற்கென்று ஒரு அனுமதி கேட்டு வாங்க வேண்டும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து, அதற்கென எழுதும் ஆப்கள் பூட்டில்லாத சாதாரண எச்.டி.டி.பி. தொடர்பு கொள்வதும் தானாக அனுமதிக்கப்படுவதில்லை. நம் வீட்டு சர்வர்கள் பேசுவதோ பெரும்பாலும் அந்தச் சாதாரண முறையில்தான். ஐபோனில், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், வீட்டு நெட்வொர்க்கைத் தொடுவதற்கு போனின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். பொதுக் கூவலுக்கு ஆப்பிளிடமே தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளுக்கெல்லாம் நியாயமான காரணம் உண்டு. ஆனால் வீட்டிலிருக்கும் அம்மா ஏதோ ஒரு கேள்வி திரையில் வந்ததும் "வேண்டாம்" என்பதைத் தொட்டுவிட்டால், சர்வர் பட்டியல் வெறுமையாக நிற்கும். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லும் ஆப், பாதி வேலை செய்த ஆப். ஏன் கிடைக்கவில்லை, எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்பதை நல்ல தமிழில், நாலு வரியில் சொல்ல வேண்டும். என் ஆப்பில் மிக அதிகமாகத் திருத்தி எழுதிய பகுதி அந்த நாலு வரிதான்.

சர்வர் ஒழுங்காக அணையும்போது "போய் வருகிறேன்" என்று ஒரு செய்தி விடும். விதியில் அதற்கு 'பை-பை' என்றே பெயர். ஆனால் நம் ஊரில் கரண்ட் போனால் யார் பை-பை சொல்லிக்கொண்டிருப்பார்கள்? பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதற்கும் விதியில் இடம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வரும் தன் அறிவிப்பு எத்தனை வினாடிகளுக்குச் செல்லும் என்று கூடவே சொல்லும். 1800 வினாடி, அதாவது அரை மணி, என்பது வழக்கமான கணக்கு. அதற்குள் மறுபடி குரல் வராவிட்டால் ஆள் இல்லை என்று கொள்ளலாம். கரண்ட் திரும்பி வரும்போது ரூட்டர் அதே பெட்டிக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். எனவே முகவரியை வைத்து ஆளை நினைவு வைக்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் மாறாத ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வீடு மாறினாலும் ஆள் அதே ஆள்தானே?

ஆள் கிடைத்தாயிற்று. அடுத்து அலமாரி. எல்லா சர்வரிலும் முதல் அலமாரியின் எண் பூஜ்யம். "பூஜ்யத்துக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், உள்ளே இருக்கும் தட்டுகளின் பெயரும் எண்ணும் வரும். அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அதற்குள் இருப்பவை வரும். கேள்விக்கு 'பிரவுஸ்' என்று பெயர். பதில் ஒரு எக்ஸ்.எம்.எல். உறைக்குள் இன்னொரு எக்ஸ்.எம்.எல். ஆக வரும். பொட்டலத்துக்குள் பொட்டலம். ஐயாயிரம் பாட்டு இருக்கும் தட்டை ஒரே மூச்சில் கேட்டால் சின்னப் பெட்டி திணறிப்போகும். "முதலிலிருந்து ஐம்பது கொடு, அடுத்த ஐம்பது கொடு" என்று கேட்க விதியிலேயே வசதி உண்டு. மொத்தம் எத்தனை என்று சர்வர் சொல்லும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கணக்கிட முடியாத சர்வர் அங்கே பூஜ்யம் என்று எழுத விதி இடம் தருகிறது.

பதில்கள் எல்லாமே இலக்கணச் சுத்தமாக வராது. பாட்டின் பெயரில் 'அண்ட்' குறி ஒன்று வந்தால் போதும், அதை முறைப்படி மாற்றி எழுதாத சர்வரின் பதில் முழுவதும் பிழையாகிவிடும். இன்டர்நெட்டின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-இல் ஒரு நெறியை எழுதி வைத்தார். நாம் அனுப்புவதில் கண்டிப்பாக இருக்க வேண்டும், பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பாட்டின் பெயரில் இருக்கும் பிழைக்காக மற்ற நாற்பத்தொன்பது பாட்டையும் காட்ட மறுப்பது முறையா? அந்த ஒன்றைச் சரிசெய்ய முயல வேண்டும். முடியாவிட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் காட்ட வேண்டும்.

இனி நம் மொழிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். எம்.பி.3 பாட்டுக்குள் அதன் பெயரை எழுதி வைக்கும் முறை ஐ.டி.3. 1996-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் பாட்டின் பெயருக்கு 30 பைட் இடம்தான். ஆங்கிலத்துக்கு முப்பது எழுத்து. தமிழை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். 'தி' என்பதே 'த' ஒன்று, கொக்கி ஒன்று, ஆக 6 பைட். 'திருவிளையாடல்' என்று எழுத 39 பைட் வேண்டும். அந்த முப்பதில் அடைத்தால் 'திருவிளையா' என்று நின்றுவிடும்! 1998-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் இந்தத் தட்டுப்பாடு நீங்கியது. ஆனால் பழைய ஃபைல்கள் பழையபடியே இருக்கின்றன.

அதற்கு மேல், யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்க் கணிப்பொறி உலகத்தில் ஆளுக்கொரு குறியீடு இருந்தது. டிஸ்கி என்று ஒன்று. 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் என்று இரண்டு. அந்தக் காலத்தில் தட்டிய பெயர்களை இன்றைய ஆப்பில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். எந்தக் குறியீட்டில் எழுதினோம் என்று ஃபைலில் ஓரிடத்திலும் குறித்திருக்காது. எழுத்துகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று பார்த்து ஆப் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் உறுதியில்லை என்றால் பெயரை மாற்றிவிடாமல் "இதுவா?" என்று பயனாளியைக் கேட்பதே நல்லது.

அகர வரிசையும் தானாக வராது. யூனிகோடு அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' நிற்கிறது, 'ர'வுக்கு அடுத்து 'ற' நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ 'ற', 'ன' இரண்டும் கடைசி. குறி எண்ணை வைத்து அடுக்கினால் தமிழ் அகராதி பார்த்துப் பழகியவர் தேடுகிற இடத்தில் பாட்டு இருக்காது. மொழிவாரியான வரிசை விதிகள் ஐ.சி.யு. என்ற தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைப் பயன்படுத்தினால் போதும். ஆனால் ஐம்பது ஐம்பதாகக் கேட்டு வாங்கும்போது சர்வர் தன் வரிசையில்தான் கொடுக்கும். ஒரு தட்டின் பெயர்கள் முழுவதும் வந்து சேர்ந்த பிறகே ஆப் அவற்றைத் தமிழ் வரிசையில் அடுக்க முடியும். இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்து யாரோ வந்து நமக்காகச் செய்வார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த முறையில் பொதுவாகக் கடவுச்சொல் கிடையாது. வீட்டுக்குள் வந்தவர் நம்பிக்கைக்குரியவர் என்ற எண்ணத்தில் எழுதிய விதி இது. உங்கள் வை-ஃபையில் சேர்ந்த எவருக்கும் அலமாரி திறந்தே இருக்கும். 2013-இல் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியே இன்டர்நெட்டிலிருந்து இதே கூவலை விட்டுப் பார்த்தது. 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளிலிருந்து பதில் வந்தது. வீட்டுக்குள் மட்டும் பேச வேண்டியவை தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தன! எனவே ரூட்டரின் வெளிப்பக்கம் இது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விருந்தாளிகளுக்குத் தனி வை-ஃபை கொடுங்கள். பாங்க் காகிதங்களையும் பத்திர நகல்களையும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மாணவ நண்பர்களுக்கு: இறுதியாண்டுப் பிராஜெக்டுக்கு இது நல்ல பொருள். மினிடி.எல்.என்.ஏ., ஜெர்பெரா போன்ற சர்வர்கள் இலவசம். பழைய லேப்டாப்பில் ஒன்றை நிறுவுங்கள். ஒயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கூவலையும் பதிலையும் கண்ணால் பாருங்கள். முதலில் சர்வர் பெயரைக் காட்டும் ஐம்பது வரி நிரல் எழுதுங்கள். அப்புறம் அலமாரி, அப்புறம் ஓடவிடுதல். லேபில் ஓடியது என்று நிறுத்திவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். ரூட்டரை அணைத்துப் போடுங்கள். உங்கள் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தேர்வாளரும் சொல்லாத குறையெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, முன்வரிசைப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு இருந்தே தீர வேண்டும் என்பது இந்த விதிகளில் ஒன்று. தலைப்பு இல்லாத பொருளுக்கு சர்வர் பெரும்பாலும் ஃபைலின் பெயரையே தலைப்பாகப் போட்டுவிடும். ஐ.எம்.ஜி. 0423, ஐ.எம்.ஜி. 0424 என்று வரிசையாக வந்து நிற்கும். என் ஆப் அதைக் கண்டுபிடிக்கும், அழகாகக் காட்டும், பெரிய திரையில் போடும். ஆனால் அந்தப் படத்தில் மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக நிற்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. எந்தப் பெட்டியும் எந்தக் கூவலுக்கும் அந்தப் பதிலைச் சொல்லாது. அது இந்த அரங்கில் சிலருக்கு மட்டும் தெரியும். அவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறார்கள்.

காந்த நாடா நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் பிளேயர்களும் கிடைப்பது அரிதாகி வருகிறது. ஆகவே கேசட்டுகளை இப்போதே மாற்றுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இது யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் தட்டட்டும். நம் சங்கமும் இதைச் செய்யலாம். உங்களிடம் இருக்கும் கல்லூரிக் காலப் புகைப்படங்களையும் ஒலிநாடாக்களையும் கொண்டுவந்து கொடுத்தால், இன்றைய மாணவர்கள் ஸ்கேன் செய்து பெயர் எழுதி வைப்பார்கள். கணிப்பொறித் துறைத் தலைவரிடம் கேட்டேன், ஒரு பழைய கணிப்பொறியும் ஒரு மூலையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சர்வரை நிறுவும் வேலை என்னுடையது. பெயர் சொல்லும் வேலை உங்களுடையது.